பெயின்ட்டை உரிக்கும் முன்

கோடை விடுமுறை நெருங்கினால் பள்ளிகளில் வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு, பெயின்ட் வேலை என்று பேச்சு தொடங்கிவிடும். அண்மைக் காலமாக அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "சார், எங்க நூலகத்துல ஒரு பழைய அலமாரி இருக்கு. பச்சை பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. உள்ள தேக்குன்னு சொல்றாங்க. பெயின்ட்டை எடுத்துட்டு பாலிஷ் போட முடியுமா?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கள் பள்ளியில் இரண்டு அலமாரிகளையும் ஒரு மேசையையும் ஒரு நாற்காலியையும் அப்படி மீட்டெடுத்திருக்கிறோம். அவற்றைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் பெரும்பாலும் கேட்பவர்கள்.

எப்படிச் செய்வது என்று காட்டும் காணொளிகளுக்கு இன்று பஞ்சமில்லை. மேசைமீது தேய்க்கும் இயந்திரம் ஓடுகிறது, பச்சைத் தூள் பறக்கிறது, அரை நிமிடத்தில் பொன்னிறமாகத் தேக்கு வெளியே வருகிறது. அந்தப் பச்சைத் தூள் எதனால் ஆனது, எங்கே போய் விழுந்தது என்று எந்தக் காணொளியும் சொல்வதில்லை. வீட்டில் வேலை செய்பவர்கள் அதைக் கேட்காமல் இருக்கலாம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து காலை உணவும் மதிய உணவும் சாப்பிடும் இடத்தில் நாம் கேட்காமல் இருக்க முடியாது. ஆகவே வேலை முறையையும் வேதியியலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது தேக்குதானா?

பள்ளிகளில் உள்ள பழைய மரச்சாமான்கள் எல்லாம் தேக்கு அல்ல. வேங்கை, பலா, வாகை, மா என்று கைக்குக் கிடைத்த மரத்தில் செய்தவையும் உண்டு. ஒரே அலமாரியில் சட்டம் தேக்காகவும், பின்பலகை ஏதோ நாட்டு மரமாகவும், கதவின் நடுப்பலகை பிற்காலத்தில் மாற்றிய பிளைவுட்டாகவும் இருக்கும். பெயின்ட் அடித்ததற்குக் காரணமே பல நேரம் அதுதான். ஒட்டுப்போட்டது வெளியே தெரியக் கூடாது, எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட அலமாரியின் பெயின்ட்டைப் பாடுபட்டு எடுத்தால் மூன்று நிறத்தில் ஒரு சாமான் மிஞ்சும்.

பெயின்ட்டைத் தொடாமலேயே மரத்தை அறிய வழி இருக்கிறது. மேசையின் இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அலமாரியாக இருந்தால் மேல்தட்டின் மேற்புறத்தையும், சுவரோடு ஒட்டி நிற்கும் பின்பக்கத்தையும் பாருங்கள். பெயின்ட் அடித்தவர்கள் அங்கெல்லாம் தூரிகையைக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். ஈரத் துணியால் துடைத்தால் மரத்தின் ரேகை தெரியும். தேக்கு பொன் கலந்த பழுப்பு நிறம். ஆண்டு வளையங்கள் கோடுகோடாகத் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் சீவினால் பதனிட்ட தோலைப் போன்ற ஒரு வாசனை வரும். தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அந்த எண்ணெய்த் தன்மையும், மரத்துக்குள் உள்ள சில வேதிப்பொருட்களும்தான் கரையானைத் தேக்கின் பக்கம் அதிகம் நெருங்கவிடாமல் வைத்திருக்கின்றன. இது வைரம் பாய்ந்த உட்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். வெளிறிய வெளிப்பகுதியைக் கரையான் மற்ற மரங்களைப் போலவே தின்றுவிடும். (தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் 'தேக்கு' என்ற சொல்தான் போர்த்துக்கீசியர் வாயில் 'டெக்கா' ஆகி ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளிடம் சொன்னால் ரசிப்பார்கள்.)

எங்களுக்கு இந்தச் சோதனையில் உதவியவர் ஊரில் உள்ள தச்சர். நாற்பது ஆண்டுகளாக உளி பிடித்தவர். எங்கள் பள்ளிச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், பெஞ்சுகளைக் காட்டி, "இதையெல்லாம் தொடாதீங்க சார். அடிச்ச பெயின்ட்டுதான் இதைப் பிடிச்சு வச்சிருக்கு" என்றார். சிரிப்புக்காகச் சொன்னார் என்றாலும் பெரிய உண்மை அது. அன்றே பட்டியல் நான்கு சாமான்களாகச் சுருங்கிவிட்டது.

தூளில் இருப்பது

பெயின்ட் என்பது மூன்று பொருட்களின் கூட்டு: நிறம் தரும் நிறமி, நிறமியைப் பலகையோடு பிடித்து வைக்கும் எண்ணெய் அல்லது பிசின், பூசுவதற்கு இளக்கிக்கொடுத்துவிட்டு ஆவியாகிப் போகும் கரைப்பான். நமக்குக் கவலை தருவது நிறமி. பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் பெயின்ட் நிறமிகளில் காரீயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன. வெள்ளைக்குக் காரீயக் கார்பனேட், பளிச்சென்ற மஞ்சளுக்குக் காரீய குரோமேட், அந்த மஞ்சளோடு நீலம் கலந்தால் பச்சை, இரும்புக்கு முதல் பூச்சாக அடிக்கும் செந்நிறத்துக்குக் காரீய ஆக்சைடு. எண்ணெய்ப் பெயின்ட் சீக்கிரம் காய்வதற்காகவும் காரீயச் சேர்மங்களைக் கலந்தார்கள். நிறம் மங்காது, வெயில் தாங்கும், மலிவு. வியாபாரத்துக்கு இவ்வளவு போதுமே.

உடலுக்குள் போனால் காரீயம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலும்பில் சேர்ந்து பல ஆண்டுகள் தங்குகிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாவதைத் தடுக்கிறது. வளரும் மூளையைப் பாதிக்கிறது. விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் நான்கு ஐந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. குறைந்த அளவில் சேரும்போது வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. கவனம் சிதறுகிறது, கற்றல் பின்தங்குகிறது. அதற்கு நாம் வேறு ஏதோ காரணம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இது புதிதாகக் கண்டறிந்த செய்தி அல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் காரீய நஞ்சால் கை கால் தளர்ந்தும் கண் பாதிக்கப்பட்டும் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904-இல் அதைச் சொன்னார். வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளுக்கு அடித்த பெயின்ட் வெப்பமண்டல வெயிலில் பொடிந்து, பிடித்து விளையாடும் குழந்தைகளின் விரல்களில் ஒட்டுகிறது. நகம் கடிப்பவர்களும் விரல் சூப்புபவர்களும் அதை விழுங்குகிறார்கள் என்றார். எளிதில் யாரும் ஏற்கவில்லை. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் காரீயப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது 1922-இல். தாழ்வாரம், வெயில், விரல், வாய் என்ற அந்தத் தொடர்ச்சியைப் படித்தபோது எனக்கு எங்கள் பள்ளித் தாழ்வாரம்தான் கண்ணில் நின்றது.

நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டுகளுக்கான காரீய வரம்பு 2016-இல் விதியாக அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வரம்பு 90 பி.பி.எம். அதாவது ஒரு கிலோ காய்ந்த பெயின்ட்டில் 90 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. பழைய காரீயப் பெயின்ட்டுகள் சிலவற்றில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் காரீயமே இருந்திருக்கிறது. கணக்குப் போட்டால் இன்றைய வரம்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வரும். உங்கள் பள்ளி அலமாரியின் பெயின்ட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் எக்ஸ் கதிர்க் கருவி கொண்டு அளக்கலாம். அந்த வசதி எளிதில் கிடைக்காத நிலையில், 2017-க்கு முன் அடித்த எந்தப் பெயின்ட்டையும் காரீயம் உள்ளதாகவே கருதி வேலை செய்வது என்று முடிவு செய்தோம். மஞ்சள், பச்சை, சிவப்பு என்றால் சந்தேகம் இரட்டிப்பு.

பலகையில் கெட்டியாக ஒட்டியிருக்கும்வரை பெயின்ட் பெரிய தீங்கு செய்வதில்லை. உதிரும்போதும் தூளாகும்போதும்தான் ஆபத்து. காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாளாலோ இயந்திரத்தாலோ தேய்ப்பது, பல ஆண்டுகளாகப் பலகையோடு அடங்கிக் கிடந்ததை ஒரே நாளில் நுண்தூளாக்கிக் காற்றில் விடுவதற்குச் சமம். அந்தத் தூள் தரை இடுக்கிலும் ஜன்னல் விளிம்பிலும் மண்ணிலும் படியும். பெருக்கினால் மீண்டும் எழும். ஜூன் மாதம் வரும் முதல் வகுப்புக் குழந்தை அதன்மீதுதான் உட்காரும்.

காய்ந்த பெயின்ட் ஏன் கரைவதில்லை?

டர்பன்டைன் ஊற்றினால் டப்பாவில் உள்ள பெயின்ட் இளகுகிறது. அதே டர்பன்டைனைக் காய்ந்த பெயின்ட்மீது எவ்வளவு ஊற்றித் தேய்த்தாலும் அசைவதில்லை. ஏன் என்று பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் காய்வது போலப் பெயின்ட்டும் காய்கிறது என்றுதான் பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.

துணி காய்வது ஆவியாதல். எனாமல் பெயின்ட் காய்வது வேதிவினை. கரைப்பான் ஆவியான பிறகு, மிஞ்சும் எண்ணெய் சார்ந்த பிசின் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலைபோல ஆகிவிடுகின்றன. அரிசி மாவைத் தண்ணீரில் கரைக்கலாம், சுட்ட தோசையைக் கரைக்க முடியாது அல்லவா, அந்த மாதிரி. ஆகவே பெயின்ட் ரிமூவர் என்று விற்கப்படும் திரவமும் அதைக் கரைப்பதில்லை. வலைக்குள் புகுந்து ஊதிப் பெருக்க வைக்கிறது. ஊதிய படலம் பலகையைப் பிடித்திருக்க முடியாமல் சுருங்கிக் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. அப்போது வழித்தெடுத்துவிட வேண்டும்.

அரக்குப் பாலிஷ் அப்படி அல்ல. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் ஸ்பிரிட் ஆவியாகி அரக்கு படலமாக நிற்கும். மறுபடி ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். சாமானின் மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டினால் அது அரக்கு. உரிக்க வேண்டிய அவசியமே இல்லை, துடைத்துப் புதிதாகப் பூசினால் போதும். எங்கள் நாற்காலி அப்படித்தான் தப்பியது. கறுத்துப்போய்க் கிடந்ததைப் பெயின்ட் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

நாங்கள் செய்த முறை

முதலில் காகித வேலை. பள்ளிச் சாமான் யாருடைய தனிச் சொத்தும் அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, இருப்புப் பதிவேட்டில் அந்தச் சாமான்களின் எண்களைச் சரிபார்த்து, நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். பெயின்ட்டோடு சேர்ந்து சாமான்மேல் எழுதிய எண்ணும் போய்விடும். பின்னால் தணிக்கையில் கேட்டால் படம்தான் பேசும்.

வேலைக்கு மே மாதத்தின் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். பிள்ளைகள் இல்லாத நாட்கள். விளையாட வருகிறவர்களையும் அந்த வாரம் உள்ளே விடவில்லை. இடம், சமையல்கூடத்திலிருந்தும் காய்கறித் தோட்டத்திலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி, வளாகத்தின் கோடியில் மரநிழல். அலமாரியைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு மீட்டர் கூடுதலாகத் தடித்த பாலிதீன் விரிப்பு. காற்று பலமாக வீசிய ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டோம். வேலை செய்தவர்கள் தச்சரும் நானும் மட்டும். உதவ வந்த மாணவர்களைத் திருப்பி அனுப்பினேன். இந்த வேலையில் எந்த வகுப்பு மாணவரையும், எவ்வளவு ஆர்வமாக வந்தாலும், சேர்க்கக் கூடாது. கருவுற்றிருக்கும் ஆசிரியைகள் அந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது. தாயின் உடலில் சேரும் காரீயம் கருவுக்கும் போகும்.

சாதாரணத் துணி முகக்கவசம் நுண்தூளைத் தடுக்காது. குறைந்தது என்-95 வேண்டும். அதுவும் தூளுக்குத்தான், ரிமூவரின் ஆவிக்கு அல்ல. ரப்பர் கையுறை, கண்ணாடி, பழைய முழுக்கைச் சட்டை. விரிப்பின்மேல் நிற்கும்வரை தேநீர், வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது. கையைக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பது. மாலையில் பள்ளியிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு, வேலைச் சட்டையைத் தனியாக அலசுவது. தச்சருக்கு முதல் நாள் இதெல்லாம் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி தாத்தாவின் சட்டையைப் பிடித்து ஏறுவாள் என்று பேச்சுவாக்கில் சொன்னவரும் அவர்தான். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரிமூவர் வாங்கும்போது டப்பாவின் மேல் உள்ளதைப் படியுங்கள். கடைகளில் கிடைப்பவற்றில் பல டைகுளோரோமீத்தேன் கொண்டவை. வேகமாக வேலை செய்யும். ஆனால் அதன் கொதிநிலை சுமார் 40 டிகிரி செல்சியஸ்தான். வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயிலில் காற்றே அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் கீழே தேங்கும். மூச்சில் போனால் உடல் அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. மூடிய அறையில் இதை வைத்து வேலை செய்து இறந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் பெயின்ட் ரிமூவர்களில் இதை 2019-இல் தடை செய்தார்கள். நாங்கள் பென்சைல் ஆல்கஹால் சார்ந்த ஒன்றை வரவழைத்தோம். மெதுவாக வேலை செய்தது, விலையும் கூடுதல். அதையும் திறந்த வெளியில், காலை ஆறு முதல் பத்து மணி வரை மட்டுமே பயன்படுத்தினோம்.

கீல், கைப்பிடி, பூட்டு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, ரிமூவரைப் பழைய தூரிகையால் கனமாக ஒரே திசையில் பூசி, சீக்கிரம் காயாமல் இருக்க மேலே பாலிதீன் தாளைப் போர்த்தினோம். டப்பாவில் சொன்ன நேரம் பொறுத்திருந்து, முனை மழுக்கிய பட்டித் தகட்டால் ரேகை ஓடும் திசையிலேயே வழித்தெடுத்தோம். ரேகைக்குக் குறுக்கே இழுத்தால் மரம் கீறிவிடும். பச்சைக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே ஒரு மங்கிய மஞ்சள் என்று மூன்று அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் மறுபடி பூச்சு, மறுபடி காத்திருப்பு. சித்திர வேலைப்பாடு உள்ள இடங்களுக்குப் பழைய பல் துலக்கியும் தேங்காய் நாரும் போதும். எஃகுக் கம்பி நாரைப் பயன்படுத்தாதீர்கள். தேக்கில் உள்ள டானின், ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கருங்கறை விழும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வினைதான்.

எரிசோடா போட்டால் சட்டென்று கழன்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். எண்ணெயைச் சோப்பாக்கும் அதே வினையால் பெயின்ட்டின் எண்ணெயும் சோப்பாகிப் போகும். கூடவே தேக்கு கறுக்கும், பொருத்துகளில் உள்ள பசை விடும், தோலில் பட்டால் புண்ணாக்கும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியும் கடைகளில் கிடைக்கிறது. அளவோடு சூடாக்கினால் பெயின்ட் இளகி வரும். சுமார் 600 டிகிரியை நெருங்கினால் காரீயமே புகையாகக் கிளம்பும். தீச்சுடர் காட்டிக் கருக்கும் பழைய முறை அறவே வேண்டாம்.

பெயின்ட் போன பிறகு மிச்சம் ஒட்டியிருந்ததை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கவில்லை. பெயின்ட்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் நீர்த்தாளை நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்தோம். ஈரத்தில் மரத்தின் நார் கொஞ்சம் எழும்பும். நிழலில் இரண்டு நாள் காயவிட்டோம்.

வழித்தெடுத்த கழிவு இரண்டு மொத்தப் பைகளில் வந்தது. எரிக்கவில்லை, புதைக்கவில்லை. இரட்டைப் பையாகக் கட்டி, "பழைய பெயின்ட் - அபாயக் கழிவு" என்று பெரிதாக எழுதி ஒட்டி, உள்ளாட்சி அலுவலகத்தில் முன்பே பேசித் தனியாக ஒப்படைத்தோம். எழுதி ஒட்டியது தூய்மைப் பணியாளர்களுக்காக. அவர்கள் கையால் பிரிக்கிறவர்கள். விரிப்பை உட்புறமாகச் சுருட்டி அதே பையில் போட்டோம். சுற்றியுள்ள தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தோம்.

மேற்பூச்சு

இந்தப் பகுதி சுருக்கமாகவே போதும், ஏனென்றால் ஊரில் உள்ள பாலிஷ் வேலைக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். காய்ந்த சுத்தமான மரத்தை 120, 180, 220 என்று படிப்படியாக நைசான உப்புத்தாளால் ரேகையோடு தேய்த்தோம். விரிசல்களைத் தேக்கு மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தோம். தேக்கின் எண்ணெய் மேலெழுந்து பூச்சை ஒட்டவிடாது என்பதால், பூசும் முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைப்பது நல்லது.

நூலக அலமாரிகளுக்கு அரக்குப் பாலிஷ் போட்டோம். அரக்குப் பூச்சி புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் இது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிறது. இதை ஆராய்வதற்கென்றே ராஞ்சியில் 1924-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பார்க்க அழகு, பழுதானால் திருத்துவது எளிது. ஆனால் தண்ணீர் பட்டால் வெளுக்கும், சூடான டம்ளர் வைத்தால் தடம் விழும். எனவே ஆசிரியர் மேசைக்கு அதைப் போடாமல் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தோம். ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து காயும்போது வெப்பம் வெளிவரும். குவியலுக்குள் அது வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் போட வேண்டும்.

உரிக்காமல் விட்டவை

நான்கு சாமான்கள் போக மீதமுள்ள பெஞ்சு, டெஸ்க், கரும்பலகைச் சட்டம், ஜன்னல் கதவுகள் எல்லாம் பழைய பெயின்ட்டோடுதான் இருக்கின்றன. அவற்றில் தேக்கும் உண்டு. ஆனால் பெயின்ட் கெட்டியாக இருக்கும் இடத்தில் உரிப்பதைவிட மூடுவதே பாதுகாப்பு. சோப்புத் தண்ணீரால் கழுவி, உதிரும் இடங்களை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, மேலே புதிய பெயின்ட் இரண்டு கோட்டு அடித்தோம். வாங்கியது வீட்டு உபயோகப் பெயின்ட். 90 பி.பி.எம். விதி வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கானது. தொழிற்சாலைக்கும் வாகனத்துக்கும் விற்கும் பெயின்ட்டை மலிவு என்று வாங்கிப் பெஞ்சுக்கு அடிக்கக் கூடாது.

பணம் குறைவாக இருந்தால் அலமாரியை விட்டுவிட்டு இதை முதலில் செய்யுங்கள் என்பேன். தலைமையாசிரியர் அறையில் ஒரு தேக்கு மேசை மின்னுவதைவிட, முதல் வகுப்பு ஜன்னல் விளிம்பில் பெயின்ட் உதிராமல் இருப்பது முக்கியம். ஜன்னல் கதவு திறந்து மூடும்போது உரசும் இடம், குழந்தைகள் பிடித்து நடக்கும் தாழ்வாரக் கம்பி, பல்லால் கடிக்கும் உயரத்தில் உள்ள பெஞ்சு விளிம்பு ஆகிய மூன்றையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். விரலில் பொடி ஒட்டினால் விடுமுறைவரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்று மாலையே ஈரத் துணியால் துடைத்து, அடுத்த சனிக்கிழமை பூச்சுக்கு ஏற்பாடு செய்துவிடலாம். சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவும் பழக்கம் இந்த விஷயத்திலும் பெரிய காப்பு.

வகுப்பறைக்கு வந்தது

பள்ளி திறந்த பிறகு அலமாரிக் கதவு பல வகுப்புகளுக்குப் பாடமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, கதவுப் பலகையின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆண்டு வளையக் கோடுகளை எடுக்கச் சொன்னார். நெருக்கமான கோடுகள் உள்ள இடத்தில் மரம் மெதுவாக வளர்ந்திருக்கிறது என்று தாங்களே சொன்னார்கள். பொட்டாசியம் அயோடைடையும் காரீய நைட்ரேட்டையும் சேர்த்து மஞ்சள் வீழ்படிவு காட்டும் பாடத்தில், அந்த மஞ்சள் காரீய அயோடைடு, நம் அலமாரியின் அடி அடுக்கில் இருந்த மஞ்சள் பெரும்பாலும் காரீய குரோமேட் என்று நான் சேர்த்துச் சொல்கிறேன். "அப்போ எங்க வீட்டு ஜன்னல் சார்?" என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. 2017-க்கு முன் அடித்ததா பின் அடித்ததா என்று வீட்டில் கேட்டு வரச் சொல்வேன்.

இன்னொன்று. இரண்டாவது அலமாரியின் மூன்றாம் அடுக்கை எடுத்தபோது, கதவின் மேற்சட்டத்தில் வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. "ஜி. போ. உயர்நிலைப் பள்ளி" என்று ஜில்லா போர்டு காலத்துப் பெயரும், அதன்கீழ் 17 என்ற எண்ணும். அந்த இடத்தில் ரிமூவரை நிறுத்திக்கொண்டோம். எழுத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பெயின்ட்டை அப்படியே விட்டு, மேலே நிறமற்ற வார்னிஷ் இரண்டு கோட்டு பூசி மூடியிருக்கிறோம். பதிவேட்டில் அதன் இன்றைய எண்ணுக்கு எதிரே, பழைய எண் 17 என்று இப்போது எழுதியிருக்கிறது.